பால்மரப் புயல்

சூப்பர் ஹீரோக்களைக் கிண்டல் செய்து நாங்கள் எடுத்த படத்தின் பெயர் 'பால்மரப் புயல்'. எழுதியது, இயக்கியது, கதாநாயகனாக நடித்தது எல்லாம் நான்தான். முகத்தைக் காட்டினால் கெத்து போய்விடும் என்று படத்தில் கடைசிவரை முகமூடியைக் கழற்றவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுத்தோம். அங்கே ரப்பர் எடுக்கும் பால்மரமே இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. முதல் காட்சியிலேயே என் தோளில் கட்டிய சிவப்புத் துணி மோட்டார் சைக்கிள் சங்கிலியில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் பாக்கியம் அக்கா கத்தரிக்கோலோடு வந்து துணியை வெட்டிவிட்டு, "ஒலகத்த அப்புறம் காப்பாத்தலாம்லா, மொதல்ல ஒழுங்கா துணி கட்டு" என்றார். கேமராக்காரன் நிறுத்தவே இல்லை. காட்சி நன்றாக வந்துவிட்டதால், மிச்சப் படத்திலும் என்னைக் காப்பாற்றும் வேலையை அவருக்கே கொடுத்தேன்.

ஈப்போ நகரில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டபோது அக்கா வரும் இடமெல்லாம் விசில் பறந்தது. நான் பறந்தபோது பாதிப் பேர் கழிவறைக்குப் போனார்கள்.

முடிந்ததும் அக்காவைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டினார்.

"அண்ணே, அக்காகூட ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படம் நல்லாதான் இருக்கு. ஹீரோவ மட்டும் மாத்தியிருக்கலாம்."

"நானும் சொல்லிப் பாத்தேன்லா" என்றேன். "அவன் கேக்கல."