கசாப்புக் கடையிலிருந்து வந்த குளிர்

போர் வந்ததும் பிரிஸ்பேனில் மூடிவிட்ட ஒரு கசாப்புக் கடையிலிருந்துதான் அந்தக் குளிர் இயந்திரம் எங்கள் நீர்மூழ்கிக்கு வந்தது. கொஞ்சம் சிகரெட்டும் ஒரு மூட்டை காப்பித்தூளும் கொடுத்து அதை வாங்கியவர் எங்கள் மின்சாரப் பிரிவின் தலைவர், சீஃப் டகெட். படகின் வாய் வழியாக முழுதாக இறங்காது என்பதால் கழற்றித் துண்டு துண்டாக இறக்கி, கட்டுப்பாட்டு அறையில் மறுபடி பூட்டினார்.

1942. எங்கள் அமெரிக்கப் படகு முதல் உலகப் போர் முடிந்த கையோடு கட்டியது. அப்போது குளிரூட்டுவதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. சாலமன் தீவுகள் பக்கம் ரோந்து போனால் பகல் முழுக்க தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும். பாட்டரிச் சூடும் நாற்பது பேர் உடம்புச் சூடும் வெளியேற வழியில்லை. இரும்புச் சுவர்களில் தண்ணீர் வழியும். ரொட்டி பச்சையாய்ப் பூசணம் பிடிக்கும். எல்லாருக்கும் கழுத்திலிருந்து தொடைவரை வேர்க்குரு. புதுப் படகுகளில் கட்டும்போதே குளிர்சாதனம் வைத்திருந்தார்கள். அந்தப் படகுக்காரர்கள் சாராயக்கடையில் எங்களைப் பார்த்தால், "வாங்கப்பா, வெந்து முடிச்சாச்சா? உப்பு போதுமா?" என்பார்கள்.

எனவே டகெட் விசையைத் தட்டி முதல் குளிர்காற்று வந்தபோது நாங்கள் கத்திய கத்தலில் கேப்டன் பிரென்டிஸ் ஓடிவந்துவிட்டார். பிரென்டிஸ் கறாரான மனிதர். சிரித்துப் பார்த்ததில்லை. அன்று காற்றுக்கு முன் நின்று சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

நானும் கேசிமிர் ரோனாவும் முன்பக்கத்து டார்பிடோ அறையில் வேலை பார்த்தோம். குளிர் அந்த அறைவரை எட்டவில்லை. ரோனாவுக்குக் கட்டுப்பாட்டு அறையிலும் ஒரு வேலை இருந்தது: படகின் மூக்கை மேலும் கீழும் சாய்க்கும் சக்கரத்தைப் பிடிப்பது. முறை முடிந்தாலும் அவன் திரும்பி வரமாட்டான். இயந்திரத்தின் வாயடியில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துவிடுவான்.

"இங்க என்னடா படுக்கை?" என்று டகெட் ஒருநாள் அவனை மிதித்தார்.

"சீஃப், பென்சில்வேனியாவுல எங்கம்மா வீட்டுலகூட இப்படித் தூங்கினதில்ல. கொஞ்சம் தள்ளி மிதிங்க."

ரோந்து தொடங்கிச் சில நாள் கழித்து ரோனா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது படகு மெல்லத் தலை கவிழ்ந்தது. கேப்டன் அதட்டியதற்கு அவன் சிரித்தான். எழுந்து நிற்கச் சொன்னார். நின்றான், தடுமாறி வரைபட மேசைமேல் விழுந்தான். வாய் குழறியது.

டார்பிடோவுக்கு எரிபொருளாக ஊற்றும் சாராயம் எங்கள் அறையில்தான் இருந்தது. அதை வடிகட்டிக் குடிப்பது கடற்படையில் யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. கேப்டன் அவன் வாயை மோந்து பார்த்தார். வாடை இல்லை. ஆனாலும் அவன் குடித்திருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"குடிகாரப் பயலே, நாற்பது உயிரு உன் கையில இருக்கு, தெரியுதா? கரைக்குப் போனதும் உனக்கு ராணுவ விசாரணை. அதுவரைக்கும் டார்பிடோ அறைய விட்டு வெளிய வரக்கூடாது."

நான் சாராயப் பாத்திரத்தைப் பார்த்தேன். முத்திரை உடையவில்லை. அதைச் சொன்னேன். "உன் சாட்சியம் அப்புறம்" என்றார்.

எங்கள் அறைக்கு வந்த ரோனா வாந்தி எடுத்தான், நாள் முழுக்கத் தூங்கினான். விழித்ததும், "சத்தியமா ஒரு சொட்டு தொடலடா. தலையில யாரோ ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு, இப்ப இல்ல" என்றான். நான் நம்பினேன். ஆனால் விளங்கவில்லை. மற்றவர்களுக்கும் தலைவலி இருந்தது. சமையல்காரன் பீல் காப்பியில் உப்பைப் போட்டுவிட்டு, தானே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அலுப்பு என்று நினைத்தோம்.

மறுநாள் காலை ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் எங்கள்மேல் ஆழக்குண்டு போட்டது. அறைகளுக்கு இடையிலிருந்த கனத்த கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டோம். குண்டுகள் நெருங்கி வெடித்தன. பல்பு உடைந்தது, கூரையின் தக்கைப் பூச்சு எங்கள் தலையில் கொட்டியது. பிறகு கப்பலின் சத்தம் விலகிப் போய்விட்டது. கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. எங்கள் அறை அடுப்பாகியிருந்தது. ரோனா பேச்சுக் குழாயில் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். யாரோ பாடுவது கேட்டது.

என்னைத் திரும்பிப் பார்த்தான். "கேப்டன் குரல்டா அது."

கதவைத் திறந்து பாட்டரி அறையைக் கடந்து போனோம். போகப் போக ஒரு லேசான இனிப்பு வாடை. கட்டுப்பாட்டு அறையில் சக்கரத்தைப் பிடித்திருந்தவன் அதன்மேலேயே சாய்ந்து தூங்கினான். ஆழமானியின் முள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. டகெட் தரையில் உட்கார்ந்து தன் விரல்களை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஏணியில் சாய்ந்து தாலாட்டு போல எதையோ பாடினார். குளிர் இயந்திரம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ரோனா அதையும் தான் விரித்திருந்த போர்வையையும் ஒரு கணம் பார்த்தான். போய் விசையை அணைத்தான்.

"சார், மெஷின்ல வாயு கசியுது. மேல போகணும். உத்தரவு குடுங்க."

கேப்டன் புன்னகைத்தார். நான் அதற்குமுன் பார்த்திராத புன்னகை. "எதுக்கு? இங்கயே இருப்போமே. சுகமா இருக்கு."

"சார், படகு இறங்குது. இன்னும் கொஞ்சம் போனா நசுங்கிரும்."

"குடிகாரன் எனக்குப் பாடம் எடுக்கறான், பாரு டகெட்."

டகெட் எழுந்து காற்றுக் குழாய்த் திறப்பின் முன் தள்ளாடி நின்றார். "உத்தரவில்லாம இதத் தொட்டா கைய உடைப்பேன்."

"உடைங்க சீஃப், ஆனா மேல போய் உடைங்க" என்று ரோனா அவரை ஒரு குழந்தையை நகர்த்துவதுபோல நகர்த்திவிட்டு, திறப்பைச் சுழற்றினான். அழுத்தக் காற்று தொட்டிகளுக்குள் பாய்ந்து தண்ணீரை வெளியே தள்ளியது. முள் நின்றது, நடுங்கியது, திரும்பியது. நான் தூங்கியவனை இழுத்துப் போட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தேன். எனக்கும் அதற்குள் தலை சுற்றத் தொடங்கியிருந்தது.

பட்டப்பகலில், எதிரியின் கடலில் மேலே வந்தோம். ரோனா ஏறிப்போய் மூடியைத் திறந்தான். எங்கும் மழை, கோணித் திரை போலக் கனத்த மழை. அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பின்னறையில் எஞ்சின்காரர்கள் ஓரளவு தெளிவாகவே இருந்தார்கள். டீசல் எஞ்சின்கள் உறுமியதும் வெளிக்காற்றைப் படகின் குடல் வழியாகவே இழுத்தன. ஒவ்வொருவராக வாந்தி எடுத்தார்கள். பீல் அழுதான். டகெட் தன் கையாலேயே குழாய் இணைப்புகளைத் தடவி, விரிசலைக் கண்டுபிடித்தார். முதலில் மயிரிழையாக இருந்தது, குண்டு அதிர்ச்சியில் விரிந்திருந்தது. குழாயில் ஓடிய குளிரூட்டும் வாயுவான மெத்தில் குளோரைடு மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் கேப்டன் எங்கள் அறைக்கு வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்று ரோனாவைக் கேட்டார்.

"கீழயே இருக்கலாம், சுகமா இருக்குன்னு சொன்னீங்க சார்."

"வேற?"

"குடிகாரன்னீங்க."

"அது முன்னாடியே சொன்னது."

"இன்னொரு தடவையும் சொன்னீங்க சார்."

கேப்டன் கதவை நோக்கித் திரும்பினார். "நாளைக்கு உன் முறைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரிஸ்பேனில் விசாரணை நடந்தது. குடித்த குற்றச்சாட்டு பேச்சிலேயே வரவில்லை. விசாரித்த அதிகாரி ஒரே ஒரு கேள்வியைத் துருவினார்: பகலில் மேலே வர உத்தரவிட்டது யார்?

"நான்தான்" என்றார் பிரென்டிஸ்.

எங்களை யாரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ரோனா துறைமுகச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"உத்தரவில்லாம செஞ்சேன்னு தெரிஞ்சா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க, இல்ல?"

"தள்ளியிருப்பாங்க."

"கேப்டன் புத்தி கலங்கிக் கெடந்தாருன்னு தெரிஞ்சா படகு அவரு கைய விட்டுப் போயிருக்கும்."

"ஆமா."

"அப்ப யாருக்காகடா சொன்னாரு?"

அவனுக்குப் பசித்தது. தெருமுனைக் கடையில் இறைச்சி வறுவலும் முட்டையும் வாங்கித் தின்றோம். ரோனா இரண்டு தட்டு தின்றான்.

அதே படகில், அதே கேப்டனோடு மறுபடி போனோம். "அறுபது அடி" என்பார் பிரென்டிஸ். "அறுபது அடி, சார்" என்பான் ரோனா. நான் அந்தப் படகில் இருந்தவரை அவர்கள் இருவரும் அதைத் தாண்டிப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் ரோனாவின் முறையின்போது கேப்டன் ஆழமானியைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை.