மாலை போட்ட படம்

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என்னையே பார்த்தேன். வரவேற்பறைச் சுவரில், கண்ணாடி போட்ட பிரேமுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே ஆங்கிலத்தில், இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் தெரேசா. மேலே மல்லிகை மாலை. அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் செத்துப்போன அப்பாவின் படத்துக்குத்தான் இப்படி மாலை தொங்குகிறது.

போட்டவர் எங்கள் தொண்டு நிறுவனத்தின் பணிப்பாளர் ஹென்ரிக். பாவம், வெளிநாட்டு மனுசன். போகிற தேயிலைத் தோட்டமெல்லாம் அவர் கழுத்தில் மாலை போட்டு வரவேற்றிருக்கிறோம், மாலை என்றால் மரியாதை என்று படித்துக்கொண்டார். உயிரோடிருப்பவரின் படத்துக்குப் போடுவதில்லை என்று யார் அவருக்குச் சொல்வது? கணக்குப் பகுதி நிலூஷா அவர் மாட்டியதைப் பார்த்தாளாம். பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைகளின் நிறை பார்ப்பது என் வேலை. செலவைக் குறைக்கிறோம் என்று அலுவலக வேனை நிறுத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டும் அது ஓடும். முதலில் பஸ்ஸில் போய், தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். பிறகு மழை, முழங்கால் வலி, அதற்குப் பிறகு வெறும் சலிப்பு. போவது குறைந்தது. எங்கள் கண்டி அலுவலகத்தில் ஊக்கம் போதவில்லை என்று தலைமையகம் கண்டுபிடித்தது. எனக்கு ஊக்கம் வேண்டாம், வேன் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது.

நேற்று ஹென்ரிக், நாளைக்கு உனக்கொரு நல்ல செய்தி என்றார். வேன்தான் என்று நம்பினேன். நம்பி, அந்தத் தோட்டத்து ராக்கம்மாவுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவளுடைய மகளுக்குப் போனமுறையே நிறை இறங்கியிருந்தது. இன்னும் இறங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போனமுறைக்குப் பிறகு அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை.

ஹென்ரிக் கை கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வேனைப் பற்றிக் கேட்டேன். அடுத்த வருடம் யோசிக்கிறார்களாம், அதுவரை இந்தப் பாராட்டு எனக்குத் தெம்பு தருமாம். படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, தலைமையகத்துக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

வேன் நின்றதிலிருந்து டிரைவர் கறுப்பையாதான் எங்களுக்குத் தேநீர் போடுகிறார். தட்டோடு வந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். பணிப்பாளர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார்.

"எடுத்துறவா மிஸ்?"

"வேணாம் அண்ணே. அவரு மனசு நோகும்."

"அப்ப நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க."

தேநீரை வைத்துவிட்டு வெளியே போனார். போன் அடித்தது, ராக்கம்மா.

"மிஸ், வந்துக்கிட்டு இருக்கீங்களா? இன்னைக்குக் கொழுந்தெடுக்கப் போகல. புள்ளய வச்சுக்கிட்டு புள்ளக்காம்பராவுலதான் நிக்கிறேன்."

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற அறை அது. வேன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை சாப்பிடுகிறதா என்று கேட்டேன். ஒன்றும் இறங்குவதில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றாள்.

"நில்லுங்க ராக்கம்மா," என்றேன். எப்படிப் போவது என்று எனக்கே தெரியவில்லை.

போனை வைத்தபோதுதான் படத்தில் எனக்குப் பின்னாலிருந்த சுவர் கண்ணில் பட்டது. அதே பிள்ளைக்காம்பராவின் பச்சைச் சுவர். அந்தப் படம் எடுத்த அன்று நான் தனியாக நிற்கவில்லை. ராக்கம்மாவின் மகளை இடுப்பில் வைத்திருந்தேன். என் முகம் மட்டும் போதும் என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெளியே கறுப்பையா ஓடாத வேனைக் கழுவும் சத்தம் கேட்டது. கிட்டப் போய் மாலையைக் கொஞ்சம் ஒதுக்கினேன். பிரேமின் ஓரத்தில், என் தோள்மேல், சின்ன விரல்கள் நான்கு சேலையை இறுக்கிப் பிடித்திருந்தன.