கப்பலில் வராத கவர்னர்

முத்தலிப்பின் மானத்துக்கு ஊரின் பெரிய வயல்காரரான போடியார் அச்சிமுகம்மது சொல்லியனுப்பிய விலை, சொறிக்கல்முனைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல், வாய்க்கால் தண்ணீர் உட்பட. பதிலுக்கு அவன் கிராமச் சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்காமல் விலகிவிட வேண்டும்.

தூது வந்தவர் பள்ளிவாசல் மரைக்கார் அப்துல் ஸமட். சாரன் துணிக்கடை வைத்திருந்த முத்தலிப், எந்த விலையைக் கேட்டாலும் முதலில் முகம் சுளிப்பவன். அன்று சிரித்தான். வாங்க வருகிறவன் தாராளம் காட்டினால் அவனுக்கு அவசரம் என்று அர்த்தம்.

"வயல் அவர்ர கையிலயே இரிக்கட்டும் காக்கா," என்றான். "தோத்த பிறகு உழுறத்துக்கு உதவும்."

இந்தத் திமிர் அவனுக்கு இங்கினியாகலையில் ஏறியது. கல்லோயா அணை கட்டிய காலத்தில் அமெரிக்கர்களின் முகாமுக்கு மீனும் முட்டையும் கொண்டுபோய் விற்றான். யந்திரம் ஓட்டும் ஒருவன், பேரம் முடிந்ததும், பாதி பாஷையிலும் பாதி கைச்சாடையிலும் தன் ஊர்க்கதை சொல்வான். நூறு வருசத்துக்கு முந்தி அவன் மாநிலத்தில் ஒரு கவர்னர் இருந்தாராம். தோல் பதனிடுகிறவன் மகன். நின்று நின்று தோற்று ஒருவழியாக வென்றவர். ரயில்காரர்கள் சனங்களின் நிலத்தை இனாமாகக் கேட்டபோது கையெழுத்து வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சொந்தக் கட்சியே கைகழுவியது. அடுத்த தேர்தலில் தோற்றுத் தோல் கடைக்கே திரும்பினார். சாகும்வரை ஊர் அவரைக் கவர்னர் என்றே கூப்பிட்டதாம்.

கவர்னர் என்றால் தொப்பியில் இறகு குத்திக்கொண்டு கப்பலில் வந்து இறங்குகிறவர் என்றுதான் அவன் ஊர் மருதமுனை அறிந்திருந்தது. தோல்கடைப் பையனை வோட்டுப் போட்டுக் கவர்னராக்கலாம் என்பதை முத்தலிப் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னான். சனம் வாய்பிளந்து கேட்டது.

போடியார் பதறினார். ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளியிலேயே, குடிக்கு ஒருவராக, அதாவது வம்சத்துக்கு ஒருவராக, இருக்கும் மரைக்கார்மாரைக் கூட்டி, அவரவர் தங்கள் குடிக்காரனுக்கே வோட்டுப் போட வேண்டும் என்று முடிவு சொல்ல வைத்தார். அவருடைய குடி பெரியது. முத்தலிப்பின் குடி கொஞ்சம் சிறியது. காரியம் முடிந்தது என்று எல்லோரும் எழும்பும்போது முத்தலிப் கேட்டான்:

"குடி உம்மா வழியா, வாப்பா வழியா?"

"இதென்ன கேள்வி? உம்மா வழிதான்," என்றார் அப்துல் ஸமட்.

"அப்ப நாச்சியா ராத்தாவும் பிள்ளைகளும் எங்கட குடி."

பள்ளிக்குள் சிரிக்கக்கூடாது என்பதால் பலருக்கு இருமல் வந்தது. நாச்சியா போடியாரின் மனைவி, முத்தலிப்பின் குடிக்காரி. வீட்டில் இருப்பவர்களையெல்லாம் போடியார் தன் பக்கம் எண்ணியிருந்தார். அந்த வீடே அவளுடைய சீதன வீடு என்பது மறந்துபோயிற்று.

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தவர், அந்த முடிவு நம் வீட்டுக்கு வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாச்சியா மீன்ஆணத்தை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"பள்ளிக்க நீங்க சொன்ன சொல்ல அடுப்படியில வந்து மாத்தேலா. வேணுமெண்டா மரைக்காரக் கூட்டிட்டு வாங்க, நானும் கேக்கன்."

அன்று மாலையே வயல் நாலு ஏக்கராக வளர்ந்து கடைக்கு வந்தது. முத்தலிப் சாரனை மடித்தபடி அப்துல் ஸமடிடம் சொன்னான்: "தோத்தா எனக்கு இந்தக் கடை இரிக்கி. போய்ச் சொல்லுங்க."

தேர்தலன்று நாச்சியா, வயது வந்த பிள்ளைகள் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு, குடையை விரித்து, ஊர் பார்க்க நடு ரோட்டால் போனாள்.

முத்தலிப்புக்கு நூற்றியெண்பத்தாறு. போடியாருக்கு நூற்றியெண்பது, அதில் அவர் படுத்தெழும்பும் வீட்டிலிருந்து விழுந்தது ஒன்று.