எலுமிச்சம்பழம் வைத்திருந்த கொள்ளைக்காரன்

அரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில், பச்சியப்பனின் பாஸ்போர்ட் போட்டோத் தலை யாரோ ஒரு பயில்வானின் உடம்பில் உட்கார்ந்திருந்தது. கையில் வாள். காலடியில், ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கடற்கொள்ளையன். தோளில் கிளி வேறு.

பச்சியப்பன் சரக்குக் கப்பல் சமையல்காரர். சோமாலியக் கொள்ளையர்கள் கப்பலைப் பிடித்து வைத்திருந்த மாதங்களிலும் அவர் பிடித்தது கரண்டியைத்தான்.

இன்றைக்குச் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தது பாராட்டு விழாச் சால்வைக்காக அல்ல. மைக்கில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தார். "துப்பாக்கிய நீட்டுனவனுக்கா பரிஞ்சு பேசுறீங்க?" என்று மனைவி தீர்த்தம்மாள் மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். அவருக்குக் காவல் நின்ற அப்தி, ஊரில் ஆடு மேய்த்தவன். நீச்சல் தெரியாது. அலை கொஞ்சம் தூக்கினாலும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். மலை பஸ்ஸில் நம் ஆட்கள் செய்வதுபோல, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் பச்சியப்பன். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பழம். அடுப்போரம் உட்கார்ந்து ஏதேதோ பேசி அழுவான். அதில் இவருக்குப் புரிந்தது ஒரே சொல்: ஹோயோ. அம்மா. இவரும் தமிழில் தன் குறையைச் சொல்வார். கப்பலை விடுவித்த அன்று படகில் இறங்கிப் போனவன் என்ன ஆனானோ.

மேடையில் நற்பணி மன்றத் தலைவர் வெங்கடாசலம் முழங்கிக்கொண்டிருந்தார். "இது அதியமான் ஆண்ட மண்ணு. எங்ககிட்ட வாலாட்டுனா நடுக்கடலா இருந்தாலும் வுடமாட்டோம்னு காட்டுனவரு நம்ம அண்ணன்." சால்வையைப் போர்த்தி, மரியாதைக்குக் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார்.

பச்சியப்பன் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பையன் பயந்துக்கிட்டே இருப்பானுங்க. ஆத்தாள நெனச்சு அழுவானுங்க..."

கூட்டம் விசிலடித்தது. வெங்கடாசலம் மைக்கை வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? அண்ணனப் பாத்துக் கொள்ளக்காரனே ஆத்தாளக் கூப்புட்டு அழுதிருக்கான்."

சாயங்காலம் சித்தேரி பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், இரண்டாவது வளைவிலேயே தலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழத்தக் கொஞ்சம் குடுங்கண்ணா."

கொடுத்தார். "கப்பல்ல ஒருத்தனுக்கும் இப்படித்தாங்க," என்று ஆரம்பித்தார். "அப்தின்னு பேரு. ஆடு மேய்ச்சவன்..."

திரும்பிப் பார்த்தால், பழத்தை மூக்கோடு அணைத்தபடி அவள் தூங்கிப்போயிருந்தாள். அவனும் இப்படித்தான் தூங்குவான்.

குளிர்காற்று அவள்மேல் படாமல் சன்னலை இறக்கி மூடிவிட்டு, மீதியை அவள் விழித்துக்கொள்ளாத குரலில் ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.