மூன்றாவது அட்டை

1.
வீடு வந்து சேர்வதற்கு விலை எழுபது ரூபாய். நான் வைத்த விலையில்லை. ஒரு சொல்லுக்கு அகராதி அலுவலகம் தரும் கூலி. அங்கே வேலை பார்க்கும் சிநேகிதி இந்தச் சொல் மட்டும் முடியவில்லை என்று புலம்பியபோது, கதையாக எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இது நான்காவது தொடக்கம். முதல் மூன்றிலும் மழை பெய்தது. கழித்துக்கட்டினேன்.

2.
அலுவலக விதி: எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஜோடிக்கக் கூடாது. யாராவது தன்னை மறந்து பேசியதைக் காதால் கேட்டிருக்க வேண்டும். சொல்லுக்கு மூன்று அட்டை. அட்டைக்கு நான்கு கட்டம்: என்ன, யார், எப்போது, எங்கே. 'வீடு வந்து சேர்' என்பதற்கு இரண்டு அட்டைகள் பேருந்திலேயே நிரம்பிவிட்டன. மூன்றாவது தன் அப்பா வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று சிநேகிதிக்குப் பிடிவாதம். சொந்த வீட்டை விற்றுவிட்டு மகளோடு வந்து ஏழு மாதம். கையில் சாவி இருந்தும் மனிதர் மணியடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி வாசலில் நிற்கிறார்.

[அந்த நிற்றலில் ஒரு யுகத்தின் தனிமை — வேண்டாம். மணியடிக்கிறார். போதும்.]

3.
அலுவலகத்திலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நடந்துட்டு வீடு வந்து சேந்தாச்சா?"

"உன் வீட்டுக்கு வந்துட்டேம்மா."

"'வீடு வந்து சேந்துட்டேன்'னு ஒரு தடவ சொன்னா என்னப்பா கொறஞ்சுடும்?"

"சொல்லிக்குடுத்துச் சொன்னா அட்டை செல்லாதுன்னு நீதானே சொன்னே?"

பேரம் படியவில்லை.

4.
முடிவு (அ): சாவி போட்டுத் திறக்கிறார், கண் கலங்க அதே வாக்கியத்தைச் சொல்கிறார். எழுதிப் பார்த்தேன். ஓசியில் கொடுத்தாலும் நானே வாங்க மாட்டேன்.

முடிவு (ஆ): கோபித்துக்கொண்டு பழைய வீட்டுக்கே... விற்ற வீட்டுக்கு எப்படிப் போவார்? அடித்தாயிற்று.

5.
நடந்தது இது. அட்டைகளை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், வேலை இழுத்துவிட்டதில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அப்பா கதவைத் திறந்து, வழியை மறித்து நின்றார்.

"இதுதான் வீடு வந்து சேர்ற நேரமா? ஒரு போன் பண்ணத் துப்பில்ல?"

அவள் பையைத் துழாவி அட்டையை எடுத்து, கதவிலேயே வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன், நீ என்ன எழுதுறே?"

"ஒண்ணுமில்லப்பா. நீங்க திட்டுங்க."

என்ன, யார், எப்போது: மூன்றும் முடிந்தன. எங்கே என்ற கட்டத்தில் 'என் வீடு' என்று எழுதி அடித்தாள். 'நம் வீடு' என்று எழுதலாமா? அப்பாவைக் கேட்டால் ஜோடித்ததாகிவிடும். கேட்காமல் எழுதினால் பொய்யாகிவிடலாம். அட்டையை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டாள். நான் உங்களிடம் தள்ளுகிறேன். பென்சிலால் எழுதுங்கள்.

கட்டங்கள் பன்னிரண்டு. நிரம்பியது பதினொன்று. பாக்கி ஒன்று.