சுத்தமான சத்தம்

அம்ப்ளிஃபயருக்கு வாங்கிய முதல் ஐ.சி. சூட்டில் செத்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் இல்லை. பெக்டரியில் சொந்த வேலை கூடாதென்று அதன் பொறுப்பாளரான டீமேக்கர் சொல்லியிருந்தார். பழைய லொறி பெட்டரி ஒன்றைச் சார்ஜ் செய்வதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டார். ஆகவே பெக்டரி எலெக்ட்ரீஷியன் வைரவநாதன் ஈயம் பற்றவைக்கும் செம்புக் கோலைத் தன் குசினி அடுப்பில் சூடாக்கினான். கோல் சிவந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் போனான். ரேடியோ சாமான் கடை பாறூக் கருகிய ஐ.சி.யை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“தம்பி, இது கருவாடில்ல. அடுப்புல சுட ஏலாது.”

இன்னொன்று கொடுத்தார். கறுப்பு, விரல் நுனியளவு, இரு பக்கமும் கால்கள். கோலை ஈரத்துணியில் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கச் சொன்னார். அம்ப்ளிஃபயர் எதற்கென்று கேட்டார். சும்மா என்றான் வைரவநாதன்.

மகள் சந்திரகாந்திக்கு ஐந்து வயது. போன வருடம் பதினொரு நாள் காய்ச்சல். எழுந்த பிறகு கூப்பிட்டால் திரும்பவில்லை. கொழும்புக்குப் போய்ச் சோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். கொஞ்சமாவது கேட்டால் காதுக்கு மெஷின் வைக்கலாம். ஒன்றுமே கேட்காவிட்டால் செய்ய எதுவும் இல்லை. கொழும்பில் கிடைத்த தேதிக்கு நான்கு மாதம் இருந்தது. அதுவரை தெரியாமல் இருக்க அவனால் முடியவில்லை. சத்தத்தைப் பெரிதாக்கித் தானே சோதித்துப் பார்க்க நினைத்தான்.

பிள்ளையின் வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தண்ணி என்ற சொல் இருந்தது. அம்மா இருந்தது. மனைவி லீலா பிள்ளையோடு பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டைக் கையால் காட்டினாள்.

இரண்டாவது ஐ.சி. பிழைத்தது. தேயிலைப் பெட்டியில் வட்டமாக அறுத்து ஸ்பீக்கரைப் பொருத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டரி வயரைத் தொடுத்தான். காந்தி அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். முன் காம்பராவில் உட்கார வேறு இடம் இல்லை.

டுப், டுப், டுப் என்றது. மைக்கில் பேசினால் பேச்சு துண்டு துண்டாக வந்தது. கோளாறு.

ஆனால் காந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வயரை எடுத்தான். சிரிப்பு நின்றது. தொடுத்தான். சிரித்தாள். பத்துத் தடவை செய்தான். பத்துத் தடவையும் சிரித்தாள். லீலாவைக் கூப்பிட்டான். அவள் ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தாள்.

“கேக்குதுங்க,” என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து லீலா பேசத் தொடங்கினாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போது பேசினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போது பேசினாள். கங்காணி திட்டியதை, மலையில் அட்டை கடித்ததை, கொழும்புக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்பதை எல்லாம் பிள்ளையிடம் சொன்னாள். காந்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைரவநாதனுக்குக் கோளாறைத் தீர்க்க வேண்டியிருந்தது. டுப் டுப் கேட்கும் பிள்ளைக்கு அம்மாவின் குரலும் கேட்கும். அந்தக் குரலைச் சுத்தமாகக் கொடுத்தால் போதும். மைக்கை மாற்றினான். வயர்களைச் சுருக்கினான். ஒவ்வொரு ஈயப்பற்றையும் உருக்கி மறுபடி வைத்தான். சத்தம் போகவில்லை. பக்கத்துக் காம்பரா ஜெயராசா, லயத்துக்குள் லொறி ஓட்ட லைசன் எடுத்தாச்சா என்று கேட்டான்.

மூன்றாவது வாரம் ஐ.சி. பதித்த பலகையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனான். பாறூக் தன் மேசையில் தொடுத்தார். ஒரு குறையும் இல்லாமல் பாடியது. பெட்டியும் ஸ்பீக்கரும் என்ன நிலை என்று விசாரித்தார். கடைசியில் பெட்டரியைப் பற்றிக் கேட்டார். லொறியிலிருந்து கழித்தது என்றான்.

“அதுதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெட்டரி மூச்சு வாங்குது, தம்பி. அந்த மூச்சுதான் உங்களுக்குக் கேக்குது.”

அந்த மூச்சைத் தாங்க, கட்டைவிரல் பருமனில் ஒரு கண்டென்சர் கொடுத்தார். ஐ.சி.யின் காலடியிலேயே போடச் சொன்னார். வைரவநாதன் இந்த முறை மகளைப் பற்றிச் சொன்னான். பாறூக் பலகையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தொழுகையில் பிள்ளைக்காகத் துஆ செய்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டென்சரைப் பற்றவைத்தான். லீலா மைக்கோடு குசினியில் நின்றாள். காந்தி வாசற்படியில் வெயிலில், வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“காந்தி,” என்றாள் லீலா.

இரைச்சல் இல்லை. நடுக்கம் இல்லை. அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. வைரவநாதன் வாழ்க்கையில் செய்த வேலைகளில் இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை.

பிள்ளை திரும்பவில்லை.

சத்தத்தைக் கூட்டினான். லீலா மறுபடி கூப்பிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு நாய் வந்து பார்த்தது. நாலு லயத்துக்கும் கேட்கிறது, பிள்ளை எங்கே போய்விட்டாள் என்று ஜெயராசா எட்டிப் பார்த்தான். வாசற்படியில் அவளைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ஏதோ ஒரு சத்தம் வெட்டுப்படுகிறது என்று வைரவநாதன் நினைத்தான். கண்டென்சர் அவளுக்குக் கேட்கும் பகுதியைத் தின்றுவிட்டது. அதன் காலை வெட்டினான். டுப் டுப் திரும்பி வந்தது.

காந்தி ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிவந்து பெட்டியின் மேல் உட்கார வைத்தான். உடனே சிரித்தாள். உள்ளங்கையைப் பெட்டியின் பலகையில் பதித்தாள். அவன் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான்.

பலகை துள்ளிக்கொண்டிருந்தது.

“இப்பக் கேட்டுச்சாங்க?” பெட்டிக்குள்ளிருந்து லீலாவின் குரல் துண்டுகளாக வந்தது. மைக்கை வைத்துவிட்டு அவளே வந்தாள். பிள்ளையின் சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்துப் பலகையில் வைத்தான்.

லீலா கையை எடுக்கவில்லை. வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

“அன்னைக்கும் இதுதானா?”

“ஆமா.”

வைரவநாதன் பெட்டரி வயரை எடுக்கப் போனான். காந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிட்டான். அவள் குனிந்து கன்னத்தைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடினாள்.

இன்னும் சரியாகவில்லையா என்று ஜெயராசா சுவருக்கு அப்பாலிருந்து கேட்டான். வைரவநாதன் இல்லை என்றான்.

லீலா குசினிக்குப் போனாள். மாவு பிசையும் ஓசை கேட்டது. பேச்சுக் கேட்கவில்லை.