நான் எழுதாத நாவல்கள்

என் வீட்டுக்காரர் பானகால ராவ் செத்துப்போன செய்தி, அவர் வேலை பார்த்த பேப்பரிலேயே வந்தது. ‘பிரபல நாவலாசிரியை சீதாரத்னத்தின் கணவர் காலமானார்.’ அவர் பேர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. படித்தேன். அழுகை வரவில்லை. காபி ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன்.

சீதாரத்னம் நான்தான். ஆனால் ஒரு வரிகூட எழுதினவள் இல்லை. அந்த நாளில் எங்கள் விஜயவாடாவில் பெண் பேர் போட்டால்தான் தொடர்கதை விற்கும். ஆண்கள் எத்தனையோ பேர் பெண்டாட்டி பேரில் எழுதினார்கள். இவரும் பகலெல்லாம் தன் பேரில் முனிசிபாலிட்டிச் செய்தி எழுதுவார், வீட்டுக்கு வந்து என் பேரில் காதல் எழுதுவார். பாராட்டுக் கூட்டங்களில் மாலையும் சால்வையும் எனக்கு விழும். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எனக்கு எழுதிக்கொடுத்த பேச்சை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். “உனக்கென்னடி, நோகாம புகழ் வருது” என்று சீண்டுவார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசினபோது மட்டும் சீண்டவில்லை.

“ரத்னம், ஒரே ஒரு தடவ எல்லார் முன்னாடியும் என் பேரச் சொல்லிடு.”

சரி என்றேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் ஒரு மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். தொடரைப் போட்டுவந்த வாரப்பத்திரிகையின் ஆசிரியர் சலபதி வாசலிலேயே என்னை மடக்கினார். எங்கள் இருவரைத் தவிர விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பாதியில் நிற்கிற தொடரை வேறு ஆளை வைத்து என் பேரிலேயே முடித்துவிடுவதாகச் சொன்னார். நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் முகம் சுண்டிப்போயிற்று.

“போனவரு போயிட்டாரு அண்ணி. இப்ப எதுக்குக் குட்டையக் கிளறுறீங்க?”

“போனவரு கேட்டதுதாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மண்டபம் நிறையப் பெண்கள். எல்லாம் தொடர்கதைக்கு வாராவாரம் காத்துக்கிடக்கிறவர்கள். மைக் முன்னால் போய் நின்றேன். பயமும் இல்லை, துக்கமும் இல்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

“என் பேர்ல வந்த நாவல்கள்ல ஒண்ணுகூட நான் எழுதினதில்ல. எல்லாம் அவர் எழுதினது. பானகால ராவ் எழுதினது.”

முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள். அப்புறம் கைதட்டல். தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற ஜட்ஜ் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். செத்துப்போன புருஷனுக்குத் தன் புகழையே தூக்கிக் கொடுக்கிற பெண்ணை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கமுடியும் என்று தழுதழுத்து, என்னைக் குனிந்து கும்பிட்டார்.

“இல்லைங்க, நிஜமாவே அவர்தாங்க எழுதினாரு” என்றேன்.

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் சலபதியைத் தேடினேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். சுவரோரம் நின்றிருந்தார். என் கண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவரும் கை தட்டினார்.